பட்டாளத்து வண்டிக்கு நான் காவல்

செய்யாத குற்றத்துக்கு அறை வாங்கியவர்களுக்கு எந்தக் கன்னம் என்பது மறக்கவே மறக்காது. எனக்கு இடது கன்னம். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்து வந்த கையோடு, தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல் நின்றபோது அப்பாவிடம் வாங்கினேன். அப்போது எனக்குப் பத்து வயது. நாற்பது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது, இன்னும் ஆறவில்லை.

வண்டியிலிருந்துதான் தொடங்க வேண்டும். பெருமாள்மலைக்குக் கொஞ்சம் கீழே, வத்தலக்குண்டுக்கு இறங்கும் மலைப்பாதையை ஒட்டி எங்கள் வீடு. வாசலில் சாலையோரமாக அப்பாவின் லாரி நிற்கும். உலகப் போரில் ஓடிய பட்டாளத்து வண்டி அது. காப்பி எஸ்டேட் வைத்திருந்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றதை அப்பா வாங்கினார். ஸ்டியரிங் இடது பக்கம் இருக்கும். எத்தனை தடவை பச்சை பெயிண்ட் அடித்தாலும், ஒரு மழைக்காலம் போனால் கதவில் அமெரிக்கப் பட்டாளத்து வெள்ளை நட்சத்திரம் ஒன்று மங்கலாக மேலே வந்துவிடும். பூம்பாறைப் பூண்டையும் உருளைக்கிழங்கையும் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு இறங்கி, அரிசி மூட்டைகளோடு ஏறி வரும். எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அதனால்தான்.

அதை ஓட்டியவர் மாமா, அம்மாவின் தம்பி. பட்டாளத்தில் டிரைவராக இருந்து, முழங்கால் கெட்டு, ஊர் திரும்பியவர். எங்கள் வீட்டிலேயே தங்கியிருந்தார். அப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டு வருவதையே அவர் ஓட்டுவதாக எண்ணியிருந்தார்.

ஒரு நாள் கொடைக்கானலுக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் எங்கள் வாசலில் காரை நிறுத்தி, லாரியைச் சுற்றிச் சுற்றிப் படம் பிடித்துவிட்டு, இதை விற்பீர்களா என்று கேட்டார். அன்று பிடித்தது அப்பாவுக்குத் திருட்டுப் பயம். உலகமே தன் வண்டிமேல் கண் வைத்திருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். போதாக்குறைக்குப் பழனி அடிவாரத்தில் யாருடைய வேனோ காணாமல் போயிற்று. பட்டாளத்து வண்டிக்குச் சாவியும் கிடையாது. ஒரு சுவிட்சைத் திருப்பி ஸ்டார்ட்டரைக் காலால் மிதித்தால் யாருக்கும் கிளம்பிவிடும். சண்டை நடக்கும் இடத்தில் எவன் சாவியைத் தேடிக்கொண்டிருப்பான் என்பார் மாமா. அப்பா ஸ்டியரிங்கை மாட்டுச் சங்கிலியால் பிணைத்துப் பூட்டினார். பூட்டின் சாவியைத் தொலைத்துவிட்டு, சந்தை நாளன்று அவரே உட்கார்ந்து சங்கிலியை அறுத்தார்.

பார்க்கப் பொறுக்காமல் மாமாதான் வழி சொன்னார். எஞ்சினைத் திறந்து, உள்ளே ஒரு சின்ன மூடியைக் கழற்றி, கட்டைவிரல் அளவில் ஒரு கறுப்புச் சாமானை உருவிக் காட்டினார். தலையில் பித்தளைத் தகடு பதித்திருந்தது. ரோட்டர் என்று பெயர்.

"இத உருவிட்டா பொறி வராது மச்சான். பொறி இல்லன்னா எஞ்சின் பொணம். பட்டாளத்துல எங்க நிறுத்தினாலும் இத பையில போட்டுக்கிட்டுத்தான் எறங்குவோம்."

அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். ஆனால் யாருடைய பை? அதற்கு ஒரு மாதம் முன்புதான் மாமா கேட்காமல் கொள்ளாமல் வண்டியை எடுத்துப்போய், யாருக்கோ கூரைத் தகரம் ஏற்றிக் கொடுத்திருந்தார். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது பாப்பாகிட்ட இருக்கட்டும். மாப்ள மேல சந்தேகம்னு இல்ல. எதுக்கும் ஒரு ஒழுங்கு வேணும்ல?" என்றார். மாமா அதைத் துடைத்து என் கையில் வைத்தார். என்னை ராணியாக்கிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

அன்று முதல் என் தகரப் பென்சில் டப்பாதான் கஜானா. தினமும் சாயங்காலம் மாமா வண்டியை நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, ரோட்டரை உருவி, மஞ்சள் துணியால் துடைத்துக் கொண்டுவருவார். நான் அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். வேறு எதையாவது கொடுத்து ஏமாற்றிவிட்டால்? பார்த்து முடித்து, "சரி, போங்க" என்பேன். ஒரு மழை நாளில் கணக்குப் பாடம் முடியட்டும் என்று அவரைத் தாழ்வாரத்திலேயே நிற்கவைத்தேன். சொட்டச் சொட்ட நின்றார். அந்த நேரம் பார்த்து அம்மாவுக்கு அடுப்படியில் ஏதாவது சோலி வந்துவிடும். எனக்குக் கிடைத்த பதவியைப் பார்த்து அம்மாவுக்குப் பொறாமை என்றே நினைத்தேன்.

இப்படி ஆறு மாதம் போயிற்று. ஒரு சனிக்கிழமை அப்பா பஸ் ஏறி வத்தலக்குண்டு போயிருந்தார். சாயங்காலம், ரோட்டரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போன மாமா கொஞ்ச நேரத்தில் ஓடி வந்தார். அந்த முழங்காலோடு அவர் ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

"பாப்பா, வெரசா அதக் குடு. கீழ்வீட்டுத் தையக்காரரோட அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. கொடைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்."

"அப்பா சொல்லாம தரமாட்டேன்."

"குடுடி," என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். நான் டப்பாவைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். மாமா நினைத்திருந்தால் என்னை ஒரு கையால் தூக்கி வைத்துவிட்டு எடுத்திருக்கலாம். என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சாலைக்குப் போய், காரட் மூட்டை ஏற்றி வந்த ஜீப் ஒன்றை மறித்து, மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு அந்த அம்மாளை ஏற்றி அனுப்பினார். அந்த அம்மாள் பிழைத்துக்கொண்டார். திரும்பி வந்த அப்பா விஷயத்தைக் கேட்டுவிட்டு, "என் புள்ளன்னா புள்ள!" என்று ஒரு பாக்கெட் பிஸ்கட்டை முழுசாக என்னிடமே கொடுத்தார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இது சனிக்கிழமை.

மறுநாள் கோயிலுக்கு எல்லாரும் போனோம். மாமா மட்டும் கால் வலி என்று வரவில்லை. ரோட்டரைக் கைக்குட்டையில் முடிந்து, பூசை முழுக்க உள்ளங்கையிலேயே வைத்திருந்தேன். திரும்பி வந்தால் வாசலில் லாரி இல்லை. எண்ணெய்க் கறையும், ஒழுங்காக ஓரத்தில் எடுத்து வைத்த இரண்டு கற்களும்தான் கிடந்தன. மாமாவையும் காணோம்.

"வேலியே பயிர மேஞ்சிருச்சு போல," என்றார் கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர். அப்பா என் பக்கம் திரும்பினார். அப்போதுதான் விழுந்தது அந்த அறை.

"நேத்து தரமாட்டேன்னுட்டு இன்னைக்குக் குடுத்திட்டியா?"

கைக்குட்டையை அவிழ்த்துக் காட்டினேன். ரோட்டர் இருந்தது. வேறு மனிதராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். அப்பா அதை உற்றுப் பார்த்துவிட்டு, "குடுத்துட்டுத் திருப்பி வாங்கியிருக்க" என்றார். என்ன அநியாயம் இது! பூசையில் அவர் பக்கத்தில்தானே மண்டியிட்டிருந்தேன்? சாமான் என்னிடம் இருக்கிறது, லாரி இல்லை என்றால் கேட்க வேண்டியது லாரியையா, என்னையா? என் அழுகையை மீறி அம்மாவின் குரல் கேட்டது. "அடிக்க வேண்டிய எடம் அது இல்லீங்க."

மேலே ஏறி வந்த பஸ்காரர் ஒருவர், உங்கள் வண்டி கீழே ஊத்து என்கிற ஊரில் டீக்கடை முன்னால் நிற்கிறதே என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த பஸ்ஸில் அப்பா இறங்கினார். நானும் கூடவே தொற்றிக்கொண்டேன். குற்றவாளியைக் கண்ணால் பார்த்தால்தான் என் கன்னம் ஆறும்.

வண்டி ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அழகாக நின்றிருந்தது. மாமா பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எப்படிய்யா கொண்டாந்த?" என்று அப்பா கத்தினார்.

"எறக்கத்துக்கு எஞ்சின் எதுக்கு மச்சான்? கல்ல எடுத்தேன், கியர்ல போட்டேன், மெல்ல உருண்டு வந்திருச்சு." மாமா கிளாஸைக் கீழே வைத்தார். குரலை உயர்த்தவில்லை. "ஆறு மாசமா அந்தச் சாமானப் புள்ள கையில எண்ணிக் குடுத்துட்டுப் போய்ப் படுத்தேன்ல, அப்பவும் இந்த எறக்கம் இங்கனதான் கெடந்துச்சு."

அப்பா வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா எழுந்து என்னிடம் வந்து கையை நீட்டினார்.

"குடு பாப்பா. மாட்டி மேல கொண்டாந்து விட்டுர்றேன்."

கன்னம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. இன்னொரு அறை வாங்க எனக்குத் தெம்பில்லை. அப்பாவைத் திரும்பிப் பார்த்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "குடுக்கவாப்பா?" என்றேன்.

"குடு" என்று ஒரே ஒரு சொல் போதும். அப்பா, "கொஞ்சம் பொறு" என்றார்.

மாமாவின் கை இறங்கியது. மஞ்சள் துணியை இடுப்பிலிருந்து எடுத்து, மடித்து, வண்டியின் மேல் வைத்தார். கீழே இறங்கும் பஸ் ஒன்று வந்தது. நொண்டிக்கொண்டே போய் ஏறிக்கொண்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு வந்திருக்கிறார். ஆனால் ஒரு இரவுகூடத் தங்கியதில்லை.

இடது பக்க ஸ்டியரிங் வண்டியை ஓட்டத் தெரிந்த ஆள் கிடைக்காமல் லாரி எட்டு நாள் ஊத்திலேயே நின்றது. யாரும் திருடவில்லை. ரோட்டர் என் டப்பாவில் பத்திரமாக இருந்தது. அப்பா அறைக்காக என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அன்றிருந்த ஆத்திரமெல்லாம் அதன்மேல்தான். மாமாவின் மேலும்தான்; வேண்டுமென்றே என்னை மாட்டிவிட்டுப் போய்விட்டார் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இப்போது கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது. ஆறு மாதம், ஒவ்வொரு சாயங்காலமும் அந்த மனிதர் என் முன்னால் வந்து நின்று, துடைத்துக் கொடுத்தார். நான் வெளிச்சத்தில் பிடித்துச் சோதித்துவிட்டு, "சரி, போங்க" என்றேன். வண்டியை யாரிடமிருந்து காக்கிறோம் என்று அப்பா எனக்குச் சொல்லவே இல்லை. மாமாவுக்கு மட்டும் தினமும் சொல்லிக்கொண்டிருந்தார், என் கையை நீட்டவைத்து.