டயட் மேடம் அளந்து பார்த்த கிண்ணம்

முதல் தடவை ஆஸ்பத்திரிக்குப் போனபோது மேடம் அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். எழுத்துக் கூட்டி முடிப்பதற்குள் விடிந்துவிடும். சுற்றி நாலு பேர் வேறு. என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "அச்சு சரியா விழலைக்கா, கொடுங்க" என்று வாங்கி, பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி, படமும் போட்டுக் கொடுத்தார். அச்சு நன்றாகத்தான் விழுந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் டயட் மேடம். நோயாளி எதை, எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்லிக் கொடுப்பது அவர் வேலை.

என் வீட்டுக்காரர் தையல்காரர். மெஷின் மிதிக்கிற காலில் பெருவிரல் புண். சர்க்கரை இறங்காவிட்டால் விரலை எடுக்கவேண்டும் என்று டாக்டர் ஒரு மாதம் கெடு வைத்திருந்தார். தாளில் இருந்தபடி வேளைக்கு ஒரே கிண்ணம் சோறு. சாமி சத்தியமாக ஒரு பருக்கை கூட்டவில்லை. பதினைந்து நாள் கழித்துப் பார்த்தால் சர்க்கரை இம்மியும் இறங்கவில்லை.

"வாயைக் கட்டுங்கன்னா கேட்டாத்தானே!" என்று டாக்டர் எரிந்து விழுந்தார்.

வெளியே வந்ததும் இவர் என் மேல் பாய்ந்தார். "சோறு போட்டது நீதானே?"

"டீக்கடையில எதைத் தின்னீங்களோ, யாரு கண்டா?"

டயட் மேடம் காதில் விழுந்துவிட்டது. "சண்டையை வீட்டுல போய் வச்சுக்கங்க அண்ணா. அக்கா, நாளைக்கு அந்தக் கிண்ணத்தைக் கொண்டு வாங்க."

கொண்டுபோனேன். தன் அளவுக் கிண்ணத்தால் அதில் தண்ணீர் ஊற்றினார். ஒன்று, இரண்டு, மூன்றாவதிலும் பாதி போயிற்று.

"அக்கா, இது கிண்ணமா, குளமா? இறங்கிக் குளிக்கலாம் போலிருக்கே!"

கூட வந்திருந்த என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். எனக்குக் கண் கலங்கியது.

"அழாதீங்க. கிண்ணம்னு எழுதின நான், எந்தக் கிண்ணம்னு கேட்டிருக்கணும்" என்றவர், நேரே டாக்டரிடம் போனார். "அந்த அண்ணன் வாயைக் கட்டித்தான் இருந்தார் சார். தப்பு என்னுது."

அதற்குப் பிறகு வருகிறவர்கள் எல்லோரும் வீட்டுக் கிண்ணத்தோடுதான் வரவேண்டும். அவர் அறை வாசலைப் பார்த்தால் பாத்திரக்கடை மாதிரி இருக்கும்.

சோறு குறைந்ததும் இவர் பசி, பசி என்று முணுமுணுத்தார். காயைக் கூட்டச் சொன்னார் மேடம். கெடு முடிவதற்குள் சர்க்கரை இறங்கியது. புண் ஆற மேலும் இரண்டு மாதம் பிடித்தது. விரல் தப்பியது. ஆண்டவன் கருணை, அந்தப் பெண் கைவழியாக வந்தது.

மேடத்துக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொள்ளப் போனேன். பாழாய்ப்போன அந்தக் கிண்ணத்தை விற்றுவிடப் போகிறேன் என்றேன்.

"ஐயோ, வித்துடாதீங்கக்கா. இனிமே அதுல அண்ணனுக்குக் காய் போடுங்க. காய்க்கு அதுதான் சரியான அளவு."