சொட்டக்கா பார்த்துச் சொன்ன மாத்திரை

எங்கள் அறையில் எல்லோருக்கும் அவள் சொட்டக்கா. சுகாதார மையத்தின் பின்பக்கம், ஜன்னல் திறக்காத அறை. போதைப்பொருள் எடுப்பவர்கள் தாங்கள் வாங்கியதைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். வெள்ளைத் தட்டில் துளியூண்டு வைத்து, அதன்மேல் ஒரு சொட்டு மருந்து விட்டு, மாறும் நிறத்தைச் சுவரிலுள்ள அட்டையோடு ஒப்பிட்டுச் சொல்வது அவள் வேலை. பெயர் கேட்க மாட்டோம், போலீஸுக்குச் சொல்ல மாட்டோம். பக்கத்து மேசையில் பதிவேடு எழுதுவது நான்.

முன்பு பதினோரு வருடம் சாயப்பட்டறையில் நிறம் பார்த்தவள். கண் அப்படிக் கூர்மை. வாய் அதைவிட.

"நிறம் வந்தா அந்தச் சரக்கு உள்ள இருக்குன்னு அர்த்தம். எவ்வளவு இருக்கு, கூட என்ன எழவு கலந்திருக்குன்னு இது சொல்லாது. நான் என்ன ஜோசியக்காரியா?"

மாத்திரையின் ஓரத்தைச் சுரண்டிக் கொண்டுவருபவர்களைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஓரத்தில் இருப்பதேதான் நடுவிலும் இருக்கும் என்று என்ன நிச்சயம்? "முழுசா கொண்டா, பொடிச்சுப் பாக்கணும். உசிரு போனாலும் பரவால்ல, மாத்திரை வீணாகக் கூடாது, அப்படித்தானே? கஞ்சப் பிசினாரி!" என்று விரட்டுவாள். கறுப்பாக நிறம் வந்தால் அடியில் எது ஒளிந்திருந்தாலும் தெரியாது என்று வேறு மருந்துள்ள இரண்டாவது பாட்டிலையும் எடுப்பாள். கடைசியாக, ஆளைக் கொல்லும் கலப்படத்துக்கென்று உள்ள காகிதப் பட்டையையும் நனைத்துப் பார்ப்பாள். அவசரம் என்றால் வேறு இடம் பார்க்கச் சொல்வாள்.

ஒரு மழை நாள் மதியம், வரிசையில் அவள் தம்பி நின்றான். தாய் போனபின் அவள் தூக்கி வளர்த்தவன். கல்யாணமாகி இரண்டு வருடம். இந்தப் பழக்கம் அவனுக்கு இருப்பது அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது.

"நீ இருக்கேன்னு தைரியமா வந்தேன்க்கா," என்று காகித மடிப்பைப் பிரித்தான். ஓரத்தில் சுரண்டிய பொடி.

திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. பின்னால் நின்றவர்களைப் பார்த்தாள். அவமானம் பிடுங்கித் தின்றது, முகத்திலேயே தெரிந்தது. சொட்டு விழுந்ததும் பொடி கறுத்தது.

"நான் கேட்டு வாங்குன அதே சரக்குதானாக்கா?"

"அதேதான். மொதல்ல இங்கேருந்து கெளம்பு."

இரண்டாவது பாட்டிலை அவள் தொடவில்லை. பட்டை கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. நான் பார்த்தேன். அவளுக்குப் போய் நான் சொல்வதா என்று பதிவேட்டில் குனிந்துகொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மறுநாள் காலை தம்பி எழுந்திருக்கவில்லை. ஒரு மாத்திரைதான் போட்டிருந்தான். மிச்சமிருந்த மாத்திரைகளைப் பெரிய ஆய்வகத்தில் பார்த்தார்கள். ஓரங்களில் கலப்படம் இல்லை. கொல்லும் கலப்படம் நடுவில் திட்டாக இருந்தது.

சாவு வீட்டில் சொட்டக்காவின் பக்கத்தில் நான் இருந்தேன். தம்பியின் மனைவி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள்.

"மாத்திரைய நான் ஒளிச்சு வச்சிருந்தேன் அண்ணி. 'எங்கக்காவே பாத்துட்டா, இனிமே என்ன பயம், குடு'ன்னு கேட்டாரு. நான்தான் எடுத்துக் குடுத்தேன். என் கையால நானே கொன்னுட்டேன்."

சொட்டக்கா பேசாமலே இருந்திருக்கலாம். யாரும் அவளைக் கேட்கவில்லை.

"நீ இல்லடி," என்றாள். "நான் சரியாப் பாக்கல. ஆளுங்க பாக்குறாங்களேன்னு அவசரமா அனுப்பிட்டேன்."

அழுகை நின்றது. தம்பியின் மனைவி பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.