கேப்டன் சூசையின் அழுக்குப் பனியன்

புகைப்படக் கடையில் சாயம் பூசுகிறவளுக்கு ஒரு தலைவிதி உண்டு: உள்ளதை உள்ளபடி காட்டினால் திட்டு, இல்லாததைக் காட்டினால் பாராட்டு. வாடிக்கையாளர் முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்ற அனுபவம் உள்ளவர்களே, உங்களுக்கு இது புரியும்.

அநியாயம் நடந்தது கூடைப்பந்து கேப்டன் சூசைக்கு. அவருடைய படம் என்று அவர் ஆடிய விளையாட்டுச் சங்கத்துச் சுவரில் மாலையோடு தொங்குவது வேறொருவர் முகம். அந்த அநியாயத்தைச் செய்த கை என்னுடையது. அதனால்தான் இவ்வளவு கோபம்.

பந்து யார் மடியில்?

நான் சிங்கப்பூரில் கல்லூரி மாணவி. நீண்ட விடுமுறையில் சூலியா தெருப் புகைப்படக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு வேலை?" என்று கேட்ட ஒவ்வொருவரோடும் வாதாடி ஜெயித்த பிறகுதான் அந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். சங்கத்துச் செயலாளர் ஒரு குழுப் படத்தை மேசைமேல் வைத்து, "கேப்டனை மட்டும் பெருசாக்கி, கலர் போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டு ஓடினார். முழங்கால் போய் ஆட்டத்தை நிறுத்திவிட்ட சூசைக்குச் சங்கம் செய்யும் மரியாதை அது.

நான் ஒரு ஆட்டம்கூடப் பார்த்தவளில்லை. ஆனால் குழுப் படம் நிறையப் பார்த்திருக்கிறேன். நடு நாற்காலியில் இருப்பவர் கேப்டன். அவர் மடியில் பந்து. பந்தின்மேல் வெள்ளை மையில் அந்த வருஷம். எந்தப் படத்திலும் இதுதான் வழக்கம். எனவே பந்து வைத்திருந்தவரைப் பெரிதாக்கினேன். பனியன் ஒரே மண் அழுக்கு. கழுத்துப் பட்டையில் இரண்டு கறுப்புப் புள்ளிகள் வேறு. கண்ணாடித் தகட்டில் விழுந்த தூசி என்று நினைத்து, கத்தி முனையால் சுரண்டி எடுத்து, முழுப் பனியனுக்கும் வெளிர்நீலம் பூசினேன். மூன்று நாள் வேலை. பளபளவென்று வந்தது. கீழே 'கேப்டன் சூசை' என்று எழுதிக் கட்டிவைத்தேன்.

படத்தை யாரும் சரிபார்க்காமலே கொண்டுபோய்த் துணி போட்டு மூடி மாட்டிவிட்டார்கள். வெள்ளைக்காரத் துரை ஒருவர் துணியை விலக்க, எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்களாம். முதலில் கை தட்டியவர் சூசை. மறுநாள் கடை திறந்ததும் டிராம் கண்டக்டர் ஒருவர் வந்து நின்றார். அந்தக் குழுவில் ஆடியவர், பேச்சில் சிங்கப்பூர் 'லா' ஒட்டிக்கொண்டவர்.

"தங்கச்சி, படம் ரொம்ப அழகு. ஆனா அது எங்க மாணிக்கம் லா! கேப்டன் எங்க?"

ஓரத்து ஆள்

கேப்டன் எங்கே என்று நானும்தான் தேடினேன். கடையிலிருந்த பழைய குழுப் படத் தகடுகள் எல்லாவற்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கோப்பை ஜெயித்த ஒவ்வொரு வருஷமும் பந்து ஒவ்வொருவர் மடியில் இருந்தது. உயரமான ஒருவர் மட்டும் எல்லாப் படத்திலும் பின்வரிசை ஓரத்தில் நின்றார். ஒன்றில் பாதி முகம். இன்னொன்றில் யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டு. அவர்தான் சூசையாம்.

அதற்குள் செய்தி பரவிவிட்டது. ஒரு வாரம் கடையில் படம் எடுக்க வந்தவர்களைவிட என்னைத் திட்ட வந்தவர்கள் அதிகம். நானும் சும்மா இருப்பேனா? "கேப்டன் என்றால் நடுவில் உட்கார வேண்டாமா? தப்பு என்னுடையதா, அவருடையதா?" என்று சரக்கேற்றும் தொங்கான் படகுக்காரர் ஒருவரிடம் சத்தம் போட்டேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்.

"அந்த வருஷம் யாரு ரொம்ப நொந்து போனானோ, அவன் மடியில கேப்டன் பந்தை வைப்பாரும்மா. அவரு நோகவே மாட்டாரு, அதான் ஓரம்."

எதிரணிக்காரர்

திட்ட வந்தவர்களில் ஒரு சீனர், செருப்புக் கடைக்காரர். எதிரணியின் பரம ரசிகர். சந்தைப் பேச்சான பாசார் மலாயும் தமிழும் கலந்து, கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். ஒரு இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிஷம், சூசை கூடைக்குக் கீழே தனியாக நிற்கிறார், பந்து கையில், போட்டால் ஜெயிப்பு. அன்று மூன்று முறை குறி தவறி அழாத குறையாக நின்ற ஒரு புது ஆள் பக்கத்தில். சூசை பந்தை அவனிடம் கொடுத்துவிட்டார். அவன் நாலாவது முறையும் தவறவிட்டான்.

"முட்டாள்தனம்!" என்றேன். ஒரு குழுவே உழைத்ததை ஒருவர் தாராள மனசால் வீணாக்கலாமா என்று வாதத்தை ஆரம்பித்தேன். அவர் தலையாட்டினார், அடுத்த வருஷம் அதே ஆள் அதே இடத்திலிருந்து போட்டுத் தங்களைத் தோற்கடித்ததையும் சொன்னார். அப்புறம் பெருமூச்சு விட்டார்.

"நாங்க ஜெயிச்ச வருஷம்கூட வீட்டுக்குப் போற வழியெல்லாம் அந்த ஆள் பேச்சுதான். இது என்ன ஜெயிப்பு லா!"

ஆடாதவன் பனியன்

மாணிக்கம் யாரென்று கண்டக்டர் அண்ணன்தான் இன்னொரு நாள் வந்து சொன்னார். குழுவில் கடைசி ஆள். ஆட்டம் முழுக்கப் பெஞ்சில் இருப்பவர். அப்பா வீராசாமி, டோபி. குழுவின் பனியன்களைத் துவைப்பவரும் அவரே. மகன் பனியன் அழுக்காகாமல் வந்தால் வீட்டில் ரகளை: "உட்கார்ந்துட்டு வர்றதுக்கு எதுக்குடா பனியன்?"

இது சூசையின் காதுக்கு எட்டியது. அன்றிலிருந்து ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் கொட்டகைக்குள் தன் அழுக்குப் பனியனைக் கழற்றி மாணிக்கத்திடம் கொடுத்துவிட்டு, அவருடைய சுத்தமானதைத் தான் மாட்டிக்கொள்வாராம். நான் பெரிதாக்கிய படமும் ஆட்டம் முடிந்த கையோடு எடுத்ததுதான். போன மழைக்காலத்தில் மாணிக்கம் காய்ச்சலில் போய்விட்டார். கண்டக்டர் தொப்பியைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

"ஏன் இப்படின்னு கேப்டன்கிட்டயே கேட்டேன் தங்கச்சி. 'எம் பனியன் சுத்தமா இருந்தா என்னை யாருடா திட்டப்போறா?'ன்னாரு."

நான் தோற்ற வாதம்

என் சம்பளத்தில் தாள் வாங்கி, ஓரத்து முகத்தைப் பெரிதாக்கினேன். சற்று மங்கல்தான், ஆனாலும் சூசை. அதை எடுத்துக்கொண்டு துறைமுகச் சரக்குக் கிட்டங்கிக்குப் போனேன். அங்கே அவர் மேஸ்திரி. படத்தைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. வேண்டாம்" என்றார். மாணிக்கத்தின் அப்பா ஞாயிறுதோறும் துணி கொடுத்து முடித்துச் சங்கத்துக்கு வந்து, அந்தப் படத்தின் முன்னால் நின்றுவிட்டுப் போகிறாராம்.

"அவருக்கு வீட்டில் மாட்ட ஒரு பிரதி போட்டுத் தருகிறேன், அண்ணே."

"வீட்டுல மாட்டினா செத்துப்போன பையன். சங்கத்துல மாட்டினா ஆட்டக்காரன்."

"கீழே உங்கள் பெயர் இருக்கிறதே! அது பொய்யில்லையா?"

"பெரியவருக்குப் படிக்கத் தெரியாதும்மா. நீ வாயைத் திறக்காம இருந்தா போதும்."

இரண்டு புள்ளி

விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கும்போது, எங்கள் காமிராவுக்குப் போர்த்தும் கறுப்புத் துணியைத் துவைத்து எடுத்துக்கொண்டு வீராசாமி கடைக்கே வந்தார். முதலாளி உள்ளே இருந்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். என் வாழ்க்கையில் நான் வாயை மூடியிருந்த மிக நீண்ட நேரம் அது.

"பாப்பா, என் மகன் படத்துக்குச் சாயம் பூசினது நீதானா?"

"ஆமாம், ஐயா."

"பனியன் கழுத்துல ரெண்டு புள்ளி இருந்திருக்கணுமே?"

தூசி என்று அழித்துவிட்டேன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். டோபி எந்தத் துணியையும் குறி போடாமல் தொட்டியில் போடமாட்டார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சேங்கொட்டைச் சாற்றில் இட்ட குறி துணி கிழியும்வரை போகாது. மாணிக்கத்துக்கு மூன்று புள்ளி. சூசைக்கு இரண்டு.

"குறி வச்சவன் நானு. யாரு பனியன் யாரு வேர்வைன்னு எனக்குத் தெரியாதா? முதல் வாரமே தெரியும்."

"தெரிந்துமா மகனிடம் கேட்கவில்லை?"

"திட்டு வாங்காத நாள்ல அவன் நல்லா சாப்பிட்டான். மூணு புள்ளிப் பனியன் சுத்தமாவே வரும். அதையும் சேர்த்துத் துவைச்சுக் குடுத்துடுவேன். கேப்டன் மூடி வச்சதை நான் ஏன் திறக்கணும்?"

படத்துக்குக் கீழே எழுதியிருப்பதும் தெரியுமா என்று மெதுவாகக் கேட்டேன். சங்கத்தில் ஒருவரைப் படிக்கச் சொல்லி முதல் ஞாயிறே கேட்டுக்கொண்டாராம். எனக்குள் இருந்த வாதக்காரி எழுந்துவிட்டாள். "அப்படியானால் அநியாயம்தானே? முகத்தை மாற்றுவதா, பெயரை மாற்றுவதா? நீங்களே சொல்லுங்கள், நான் செயலாளரோடு சண்டை போட்டாவது மாற்றுகிறேன்!" என்றேன்.

ஆக, கல்லூரியில் இரண்டு வருஷம் தர்க்கம் படித்து, ஊரில் பாதிப் பேரோடு மோதிக் களைத்து, கடைசியில் இந்த வழக்குக்கு நான் வாங்கிய தீர்ப்பு ஒரு டோபியின் பதில்தான்:

"ஒருத்தர் பனியனை ஒருத்தர் போட்டுக்கிட்டவங்க, பாப்பா. பேரும் அப்படியே இருக்கட்டும். அந்த ரெண்டு புள்ளியை மட்டும் திரும்ப வச்சுக் குடு. அப்புறம், கொஞ்சம் அழுக்கும் பூசிடு. நான் துவைச்சாக்கூட அவ்வளவு சுத்தமா வராது."