சாரிடம் கேட்ட கேள்வி

பைக் சறுக்கித் தலையில் அடிபட்டபின் என் கணவருக்கு எல்லாம் புரிந்தது. சொல் மட்டும் வாய்க்கு வர மறுத்தது. "அவரே தேடி எடுக்கட்டும், நீங்க எடுத்துக் கொடுக்காதீங்க" என்று பேச்சுப் பயிற்சி தருகிற பெண் சொல்லியிருந்தார். நான் கேட்கவில்லை. காய்கறிக் கடையில், பக்கத்து வீட்டில், போனில் என்று ஏழு மாதமாக அவருக்கும் சேர்த்து நானே பேசினேன். அதை அன்பு என்றே நம்பினேன்.

ஒருநாள் பயிற்சி முடிந்து தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினோம். ஓட்டுநர் அவரைப் பார்த்து, "எங்க சார் எறங்கணும்?" என்றார்.

"அவருக்குப் பேச வராதுப்பா, நான் சொல்றேன்" என்றேன், அவர் காதுபடவே.

"சாராண்டதானேக்கா கேட்டேன். சொல்லட்டும்."

கணவரின் உதடு அசைந்தது. நெற்றி வியர்த்தது. பின்சீட்டிலிருந்து ஒருவர், "இன்னாப்பா, வண்டி கெளம்புமா, கெளம்பாதா?" என்றார்.

"சார் சொன்னா கெளம்பிடும். பேஜாரா கீதுன்னா நீ நடந்து போ" என்றார் ஓட்டுநர், திரும்பாமலே.

ஊர்ப்பெயர் என் நாக்கு நுனியில் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

"ஏ... ஏரி" என்றார் கணவர். "பெரிய... ஏரி."

"பீர்க்கன்கரணை ஏரியா? போலாம் சார்."

பெயர் கிடைக்காத மனிதர், சுற்றிக்கொண்டு வேறு வழியில் ஊர் வந்து சேர்ந்துவிட்டார்! இறங்கும்வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார்.

அந்த ஓட்டுநரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ஆனால் இப்போதெல்லாம் என் கணவர் ஒரு சொல்லைத் தேடும்போது நான் காத்திருக்கிறேன். சில சமயம் காபி ஆறிவிடுகிறது. ஆறட்டும்.