வலித்தால் சிரிக்கிறவர்

அலமாரியின் மேல்தட்டிலிருந்து நூல்கண்டை எடுக்கக் கை நீட்டிய அக்கா களுக்கென்று சிரிக்கிறார். அறையில் யாரும் வேடிக்கையாக எதுவும் சொல்லவில்லை. தோளில் வலி குத்தியிருக்கிறது, அவ்வளவுதான். கொஞ்சம் வலித்தால் களுக். நன்றாக வலித்தால், தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி ஒரு பெரிய சிரிப்பு. "பிரசவத்தப்பவும் இப்படித்தான். நர்ஸம்மா கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க" என்கிறார்.

அக்கா ஜன்னல் திரைகள் தைப்பவர். சிக்னலில் நின்றிருந்த அவருடைய காரைப் பின்னாலிருந்து இன்னொரு கார் இடித்த நாளிலிருந்து கழுத்தும் வலத் தோளும் அவர் பேச்சைக் கேட்பதில்லை. கனத்த துணியை மேசைமேல் தூக்கிப் போட முடியாது. இப்போது தலையணை உறைகள் மட்டும். ஸ்கேனிலோ ஒரு குறையும் தெரியாமல் எல்லாம் பளிச்சென்று இருக்கிறது.

"வலிக்குதுன்னு சொன்னா போதாதுங்க. இது தீராத வலி, உங்க பொழப்பையே முடக்கியிருக்குன்னு இன்ஷூரன்ஸ்காரங்களோட டாக்டர் நம்பணும். இல்லேன்னா கேஸ் அதோட முடிஞ்சுது" என்று வக்கீல் சொல்லிவிட்டார்.

மகள் பயிற்சி கொடுத்தாள். கண்ணாடி முன் நிறுத்தி, "எங்கே, வலிக்கிற மாதிரி மூஞ்சிய வையும்மா."

அக்கா வைத்தார்.

"இது தும்மல் வர்ற மூஞ்சி."

"போடி. அழலாம்னு நெனச்சாலே சிரிப்பு பொத்துக்கிட்டு வருது."

காப்பீட்டு நிறுவனத்தின் டாக்டருக்குத் தமிழ் தெரியாது. அவரிடம் போன அன்று, மொழிபெயர்க்க என்னையும் கூட்டிப்போனார்கள். அக்காவின் கணவர் வெளியே உட்கார்ந்துகொண்டார். நான் முதலில் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது இதைத்தான்: "பாவம், டாக்டர் சாப்பிட்டாரான்னு கேளு."

டாக்டர் வலக் கையைப் பிடித்து மெதுவாக உயர்த்தினார். தோள் மட்டத்தில் களுக். அதற்கு மேலே போனதும் அந்தப் பெரிய சிரிப்பு. டாக்டரும் புன்னகைத்தார். "பெரிதாக வலி இல்லைதானே?" என்றபடி இன்னும் கொஞ்சம் உயர்த்தினார்.

"உசுரு போகுதுன்னு சொல்லு" என்று அக்கா என்னிடம் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

சொன்னேன். டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தச் சிரிப்பை எந்த வார்த்தையில் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சிரிப்பு வெளியே கேட்டிருக்கிறது. தட்டாமலே கதவு திறந்தது. முகம் வெளிறிப்போய்க் கணவர் நேரே உள்ளே வந்தார். டாக்டர் அந்த முகத்தைத்தான் பார்த்தார். கணவரோ யாரையும் பார்க்கவில்லை. டாக்டரின் பிடியிலிருந்து அந்தக் கையை, தளும்பத் தளும்ப நிறைந்த பாத்திரத்தை வாங்குவதுபோல் இரு கைகளாலும் வாங்கி, மெல்ல, மெல்லக் கீழே இறக்கினார்.