வாசல் பார்த்தே சொல்லிவிடுவார் அக்கா

அக்கா எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறையும் இந்த நாளில், சொந்த வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் உடன்பிறந்தவனின் வணக்கம். நான் எழுதிப் பழகியவன் இல்லை. வீடுகளுக்கு வயரிங் செய்து பிழைத்தவன். அக்காவின் மகள், என் மருமகள்தான், "மாமா, அம்மாவப் பத்தி நீங்கதான் எழுதணும். கடைசி வரைக்கும் கூடவே இருந்தது நீங்கதானே" என்றாள். கூடவே இருந்தது உண்மைதான். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அக்கா பிறந்தது குஜிலியம்பாறைப் பக்கம் ஒரு மானாவாரி ஊரில். மழை பெய்தால் சோளமும் கடலையும் விளையும், பெய்யாவிட்டால் அப்பா கல் உடைக்கப் போவார். வீட்டில் அக்கா மூத்தவர், நான் இளையவன். அம்மா படுத்த படுக்கையான வருடம் அக்காவின் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது. அவர் நின்றதால்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். இதை ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் கோட்டை விட்டு வந்தபோது மட்டும், "நீ எனக்கும் சேத்துப் படிப்பேன்னு பாத்தா, எனக்கும் சேத்துப் பெயிலாயிட்டு வந்து நிக்கிற" என்று சொல்லிச் சிரித்தார்.

அக்காவைக் கட்டிய மச்சான் லாரி ஓட்டினார். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி லோடு. மருமகள் இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது மலைப்பாதையில் லாரி கவிழ்ந்து அவர் போய்விட்டார். அக்காவையும் பிள்ளையையும் அழைத்து வந்து என் வீட்டுக்குப் பக்கத்திலேயே குடி வைத்தேன். தையல் தைத்தார், பூ கட்டினார், நூறு நாள் வேலைக்குப் போனார். ஊர்ப் பெண்கள் குழுவுக்குத் தேனீ வளர்க்கப் பயிற்சி கொடுத்து ஆளுக்கு இரண்டு பெட்டி தந்தார்கள். முதல் வாரத்திலேயே கொட்டு வாங்கிப் பயந்து நாலு பேர் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனார்கள். அந்தப் பெட்டிகளையும் அக்காவே வாங்கி வைத்துக்கொண்டார். முகம் பணியாரம் மாதிரி வீங்கிப் போய் நின்றவரைப் பார்த்து நான், "உனக்கு இது தேவையா?" என்று கத்தினேன். "தையல் மெசினு என்னைப் பாத்துப் பறந்தா வருது? இது வருதுல்ல" என்றார்.

அதன் பிறகு முருங்கைத் தோட்டங்களிலும் தென்னந்தோப்புகளிலும் அக்காவின் பெட்டிகள் இல்லாத பக்கமே இல்லை என்கிற அளவுக்கு வந்துவிட்டது. பூ இருக்கும் இடம் பார்த்துப் பெட்டியை மாற்றுவார்; தூக்குகிற ஆள் நான். அந்தத் தேன்தான் மருமகளை இன்ஜினியரிங் படிக்க வைத்தது. வேலை கிடைத்து அவள் கோயம்புத்தூர் போன அன்று, பஸ் ஸ்டாண்டில் நின்று அழாமல் வழியனுப்பிவிட்டு, நேராகத் தோட்டத்துக்குப் போய்ப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதவர் அக்கா.

அவரைத் தெரிந்த எல்லோருக்கும் ஒரு விஷயம் தெரியும். தேன் எடுக்கிற நாள் தவிரப் பெட்டியைத் திறக்க மாட்டார். மூடியைத் தூக்கினால் உள்ளே இருக்கிற சூடு போய்விடும், ஈ கலைந்துவிடும், ஒரு நாள் பொழப்பு கெட்டுவிடும் என்பார். வாசல் பார்த்தே எல்லாம் சொல்லிவிடுவார். பெட்டியின் கீழ்ப்பக்கம் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு பிளவு, அதற்கு முன்னால் ஒரு சின்னப் பலகை. அதுதான் வாசல். பக்கவாட்டில் தள்ளி நின்று, ஒரு வெற்றிலை மெல்லுகிற நேரம் பார்ப்பார். ஈயின் காலில் மஞ்சள் பொடி ஒட்டியிருந்தால் உள்ளே ராணி முட்டை வைக்கிறது, புழுவுக்குச் சாப்பாடு போகிறது. வெள்ளைப் புழுவை இழுத்து வந்து வெளியே போட்டால் சீக்கு. பலகையில் மெழுகுத் தூள் சிந்திக் கிடந்தால் அடையில் அந்துப்பூச்சி விழுந்திருக்கிறது. பொடி வருவது நாலு நாளாக நின்று போனால், கூட்டம் பெட்டியை விட்டுக் கிளம்பத் தயாராகிவிட்டது. நான் தெரியாமல் முன்னால் போய் நின்றுவிட்டால் உடனே சத்தம் வரும். "ஏலே, வாசல மறைக்காதே. ஒன் வீட்டு வாசல்ல யாராச்சும் லாரிய நிப்பாட்டுனா நீ சும்மா இருப்பியா?"

ஒரு கோடையில் அக்கா அய்யலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பெட்டிகளைப் பார்க்கிற பொறுப்பு எனக்கு. முருங்கைப் பூ ஓய்ந்து போன நேரம், எல்லாப் பெட்டியும் மந்தமாக இருந்தது. ஏழாம் பெட்டி வாசலில் மட்டும் ஈ மொய்த்தது. சந்தோஷத்தில் போன் போட்டேன்.

"அக்கா, ஏழாம் பெட்டி அமோகமா இருக்கு. திருவிழாக் கூட்டம்."

"கால்ல பொடி இருக்கா?"

"அம்புட்டுக் கூட்டத்துல எங்கிட்டுப் பொடியப் பாக்குறது?"

"ஒன்ன ஒன்னு பிடிச்சு உருளுதா?"

"கொஞ்சம் தள்ளுமுள்ளு இருக்கு."

"ஏலே, அது களவுடா! வேற பெட்டி ஈ உள்ள பூந்து தேனை எடுத்துட்டுப் போகுது. வாசல அடை. இந்தா வாரேன்."

பந்தியில் உட்காராமல் பஸ் பிடித்து வந்து சேர்ந்தார். அதற்குள் பெட்டி காலி. செத்த ஈக்கள் பலகைக்குக் கீழே குவிந்து கிடந்தன. அக்கா என்னைத் திட்டவில்லை. "கூட்டத்தப் பாத்து நல்லா இருக்குன்னு நெனச்சுட்ட. உள்ள போறது வெறும் வயிறா, வெளிய வாரது ரொம்புன வயிறான்னு பாத்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார். அதை இத்தனை நாள் பெட்டியைப் பற்றிச் சொன்ன பேச்சாகத்தான் வைத்திருந்தேன்.

போன வருடம் ஆடியில் அக்கா தோட்டத்துக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டு வந்தார். நின்றே பார்த்து வந்தவர் உட்கார ஆரம்பித்தார். ஒவ்வொரு பெட்டியிடமும் ஸ்டூலைப் போட்டு கால் மணி, அரை மணி. வேப்பமரத்து நிழல் விழுகிற பக்கமாகப் போட்டுக்கொள்வார். நான் கேலி செய்தேன். "என்ன, சினிமாவுக்கு டிக்கெட் வாங்குன மாதிரி உக்காந்திருக்க?" அவரும் சிரித்தார். "வயசாக வயசாகத்தாண்டா நெதானம் வருது" என்றார். சிரித்து முடித்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

மருமகள் தினமும் சாயங்காலம் எனக்குப் போன் செய்வாள். அம்மாவிடம் கேட்டால் உண்மை வராது என்று என்னிடம் கேட்பாள். "மாமா, அம்மா எப்டி இருக்கு?" நானும் தினமும் ஒரே பதில்தான் சொன்னேன். "உங்கம்மாவுக்கு என்ன, ஜம்முன்னு இருக்கு. ஒவ்வொரு பெட்டியையும் அரை மணி நேரம் உக்காந்து பாக்குது." அவள் நிம்மதியாகப் போனை வைப்பாள். கார்த்திகையில் அவளுக்கு என்ன தோன்றியதோ, லீவு போட்டுவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். புது வேலையில் எதற்கு லீவு, பொங்கலுக்கு வா என்று சொன்னது நான்.

அக்காவின் கால்கள் வீங்கியிருந்ததையும் பார்த்தேன். "ரெண்டு கொட்டு கொட்டிருச்சு" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். தேனீ வைத்திருப்பவர்கள் வீட்டில் வீக்கம் என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பல வருடம் கொட்டு வாங்கிய உடம்பு அக்காவுடையது. கொட்டிய இடத்தில் ஊசி குத்தின புள்ளிதான் மிஞ்சும், வீங்கவே வீங்காது. அது எனக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்தவன்தான் சரி என்றேன்.

திண்டுக்கல்லில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கும் பாய் வருடக்கணக்காக அக்காவிடம் தேன் வாங்குகிறவர். அந்தக் கார்த்திகைக் கடைசியில் கேன்களோடு தோட்டத்துக்கே வந்தார். வந்தவர் அக்காவின் கால்களைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்ள, அக்காவுக்கு என்னாச்சு?"

"கொட்டிருச்சு பாய்."

"ரெண்டு காலும் ஒரே அளவுல வீங்கியிருக்கு. ஈ என்ன, அளவெடுத்தா கொட்டும்?"

அக்கா காதில் விழுந்துவிட்டது. "பாய்க்கு யாருக்காச்சும் வைத்தியம் பாக்கலேன்னா சோறு எறங்காது" என்று கிண்டல் செய்தார். பாய் சிரிக்கவில்லை. கேன்களை அப்படியே தோட்டத்தில் போட்டுவிட்டு, வேனில் ஏறச் சொன்னார். அக்கா மாட்டேன் என்றார். "மெசினுக்குள்ள விட்டுப் பாப்பாக, குத்திப் பாப்பாக. மேலாக்கப் பாத்துச் சொல்ற டாக்டர் யாரும் இல்லையா?" என்று கேட்டார். அப்போதும் நான் அக்கா பக்கம்தான் பேசினேன், நாளைக்குப் போகலாம் பாய் என்று. அவர் என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகுதான் அக்காவை ஏற்றி, நானும் வேனில் ஏறினேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் இதயம் பழுதாகிப் பல மாதம் ஆகிறது என்றார்கள். மூச்சு வாங்கியிருக்குமே, நாலு எட்டு நடந்தால் உட்கார்ந்திருப்பாரே, வீட்டில் யாரும் கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்று சொன்னேன். உட்காருவார் என்பது அந்த நேரத்தில் எனக்கு நினைவுக்கு வரவே இல்லை. ஸ்டூலில் இருந்தவர் பெட்டி பார்த்துக்கொண்டிருந்தார் என்றுதான் என் புத்தி நம்பிக்கொண்டிருந்தது.

மருமகள் மறுநாளே வந்துவிட்டாள். அக்கா ஒன்பது நாள் இருந்தார். மகளுக்குத் தலை பின்னிவிட வேண்டும் என்று கேட்டு, கட்டிலில் சாய்ந்தபடியே பாதி பின்னி, கை ஓய்ந்துபோய் நிறுத்திவிட்டார். அந்தப் பாதிப் பின்னலை அவள் அவிழ்க்காமல் மூன்று நாள் அப்படியே வைத்திருந்தாள். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா, "ஏலே, நீ ஒன்னும் நெனச்சுக்காதே" என்றார். எதை நினைக்க வேண்டாம் என்கிறார் என்று புரியவில்லை. செலவைச் சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டு தலையாட்டினேன். மார்கழியில் ஒரு விடியலில் அக்கா போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கோயம்புத்தூர் கிளம்பும்போது மருமகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கடைசி வரைக்கும் அம்மா அதுக்குப் பிடிச்ச மாதிரி பெட்டியப் பாத்துக்கிட்டு ஆசையா இருந்துச்சுல்ல மாமா? அது போதும் எனக்கு" என்றாள். ஆமாம் பாப்பா என்றேன்.

அடுத்த வாரம் தனியாகத் தோட்டத்துக்குப் போனேன். ஸ்டூல் வேப்பமரத்தடியில் கிடந்தது. மழை பெய்து இறுகிய மண்ணில், அக்கா அதைப் போட்டு உட்கார்ந்த இடங்களில் நாலு நாலு குழி பதிந்திருந்தது. ஒவ்வொரு பெட்டிக்கும் இருந்தது. நானும் ஸ்டூலை எடுத்து, ஒரு பெட்டியிடம் அந்தக் குழிகளிலேயே காலைப் பொருத்தி உட்கார்ந்தேன். எதிரே பெட்டியின் பின்பலகை தெரிந்தது. எங்கள் பெட்டிகள் எல்லாம் கிழக்குப் பார்த்தவை. குழிகள் எல்லாம் மேற்கே இருந்தன. அங்கே உட்கார்ந்தால் வாசல் தெரியாது, ஓர் ஈ கூடத் தெரியாது.

அக்கா பெட்டி பார்க்கவில்லை. மூச்சு வாங்க உட்கார்ந்திருக்கிறார். ஐந்து மாதம், என் கண் முன்னால். அந்தப் பெட்டிகளைத் தூக்கி வந்து கிழக்குப் பார்த்து இறக்கி வைத்தவன் நான். அன்று அந்த ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

உதவியவர்களைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. தன் கடையைப் பூட்டிவிட்டு ஒன்பது நாளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் எங்களோடு கிடந்த பாய்க்கு என்ன சொன்னாலும் போதாது. ரத்தம் கொடுத்த தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்கும், ஊரிலிருந்து தினமும் சோறும் வெஞ்சனமும் கட்டிக் கொடுத்தனுப்பிய குழுப் பெண்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்தவர்களுக்கும், இன்று வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது. அக்காவின் பெட்டிகளை இப்போது நான் பார்த்து வருகிறேன்.

பாப்பா, மற்றதெல்லாம் எல்லோருக்கும் எழுதினேன். இது உனக்கு. அன்று ஆமாம் என்று சொன்னது தெரியாமல் சொன்னது. தெரிந்த பிறகு ஒரு வருடம் உன்னிடம் வாயைத் திறக்காமல் இருந்தேன், அது தெரிந்தே செய்தது. நேரில் சொல்லத் தைரியம் இல்லாமல் அச்சில் சொல்கிறேன். படித்துவிட்டு என் மேல் கோபப்படு, பேசாமல் இருந்துவிடாதே. "உக்காந்துச்சே, ஏன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா மாமா?" என்று கேள். எல்லார் முன்னாலும் கேள். நம் வீட்டில் யாரும் யாரையும் கேட்காமல் இருந்ததால்தான், பொங்கலுக்கு வர இருந்த உன் கையில் இந்த மலர் இருக்கிறது.