முழங்கால்வரை வெட்டிய மழைக்கோட்டு

சரசு, தங்கவேலு, ரயில் லைனில் நான் வேலை பார்த்த காலத்துக் கதைகளில் இது ஒன்றைத்தான் உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். சிறுபிள்ளைகள், பயந்துகொள்வீர்கள் என்று நினைத்தேன். இப்போது வளர்ந்துவிட்டீர்கள், எழுதுகிறேன்.

மலாயாவில் குளுவாங்குக்குத் தெற்கே ரயில் பாதையில் எனக்கு ரோந்து வேலை. அடைமழைக் காலத்தில் மூன்று மைல் நடந்து, தண்டவாளத்துக்கு அடியில் மண் அரித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரித்திருந்தால் சிவப்புக் கொடி காட்டி வண்டியை நிறுத்த வேண்டும். எனக்கு முன் அந்த வேலையில் இருந்த சின்னையா அண்ணன், முந்தின வருஷ மழையில் ஆறாவது பாலத்தடி வெள்ளத்தில் விழுந்து இறந்துபோனார். நீந்தத் தெரிந்தவர்தான். போட்டிருந்த மழைக்கோட்டு நனைந்து கனத்து அவரை இழுத்துக்கொண்டது. அதையே காயவைத்து எனக்குக் கொடுத்தார்கள்.

தார் பூசிய கேன்வாஸ், உள்ளே கம்பளி, கணுக்கால்வரை நீளம். நனைந்த கோட்டைச் சீனர் கடைத் தராசில் போட்டேன். பன்னிரண்டு காத்தி, ஏழு கிலோவுக்கு மேல். கம்பளியைப் பிரித்தெடுத்தேன். பித்தளைக் கொக்கிகளைக் கழற்றிவிட்டுத் துணி நாடா தைத்தேன். அடியில் ஒரு முழம் வெட்டினேன். தோளில் மட்டும் இரட்டைத் துணியை விட்டுவைத்தேன், மழை அங்கேதான் அடிக்கும். வெடிப்புகளில் மெழுகு தேய்த்தேன். ஐந்து காத்திக்கு வந்தது.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் பார்த்துவிட்டு, "ஏன்டா, முட்டிக்குக் கீழ உனக்கு மழை பெய்யாதா லா?" என்றார்.

"காலு நனைஞ்சா காஞ்சிடும் மண்டோர். கோட்டு நனைஞ்சா ஆள இழுக்குது" என்றேன்.

மூன்றாம் நாள் பகலில் மழை கொட்டியது. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. நீளக் கோட்டு போட்டு நடந்தால் அதன் ஓரம் காலில் உரசி 'சரட், சரட்' என்று சத்தம் வரும். வெட்டிய பிறகு என் கோட்டில் அது இல்லை. அன்று எனக்கு முன்னால் அந்தச் சத்தம் கேட்டது.

அடுத்த பகுதி ரோந்துக்காரர் முத்து என்று நினைத்து, "முத்தண்ணே, நில்லுங்க, நானும் வரேன்" என்றேன். நான் நடந்தால் அதுவும் நடந்தது. நான் நின்றால் நின்றது. ஆறாவது பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அடியோடு நின்றுவிட்டது. கையிலிருந்த கம்பியால் முன்னால் தட்டிப் பார்த்தேன். ஜல்லி இல்லை. கட்டைகள் தண்டவாளத்தோடு அந்தரத்தில் தொங்கின. கீழே வெள்ளம்.

மூன்று மணி வண்டி வரும் நேரம். மழை சற்றுக் குறைந்திருந்தது, வந்த வழியே கொடியை வீசிக்கொண்டு ஓடினேன். பழைய கோட்டில் அவ்வளவு தூரம் ஓடியிருக்க முடியாது. வண்டி நின்றது.

டிரைவர் இறங்கி வந்து, "ரெண்டு பேரு ஓடியாந்தீங்களே, நீளக் கோட்டுக்காரரு எங்க?" என்றார்.

வெள்ளம் வடிந்ததும் முத்துவிடம் கேட்டேன். "நான் எங்கப்பா வந்தேன்? அன்னிக்கு முழுக்கக் குடிசைலதான் இருந்தேன்" என்றார்.

பிள்ளைகளே, சுமக்கிற பாரத்தைக் குறைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் இன்னொருவர் போட்டு உழைத்த பொருளில் கத்தி வைக்குமுன் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை.

முத்துவிடம் கேட்ட மறுநாள், அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு தனியாக அந்தப் பாலத்துக்குப் போனேன். "அண்ணே, உங்க கோட்ட வெட்டிட்டேன்" என்று சொல்லி, வெட்டிய இடங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினேன். பிறகு அவர் நன்றாகப் பார்க்கட்டும் என்று மெதுவாகத் திரும்பி நின்று, முதுகுப்பக்கத்தையும் காட்டினேன்.